தொண்டும் தொழிலும்: ஒரு கணக்காளனின் கேள்வி



இச்செய்தி மடலில் என் பெயர் வழக்கமாக ஆண்டு வரவு செலவு அறிக்கையின் கீழேதான் இடம்பெறும். அந்தப் பக்கத்தை எத்தனை பேர் வாசிக்காமல் புரட்டிவிடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. இம்முறை எழுத வந்தது அந்த அறிக்கையில் அடங்காமற்போன ஒரு விடயம். கைத்திறன் உள்ள ஒருவர் தன் திறனில் எவ்வளவைத் தன் கலைக்கும் பிழைப்புக்கும் வைத்துக்கொள்ளலாம்? எவ்வளவைச் சமூகத்துக்குக் கொடுக்க வேண்டும்? கொடு என்று கேட்கும் உரிமை சமூகத்துக்கு எவ்வளவு தூரம் உண்டு? இக்கேள்விகள் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் அக்காவின் பிஸ்கற் பேணிக்குள்ளிருந்து வந்தன.

அக்காவை உங்களில் அநேகர் அறிவீர்கள். சனிக்கிழமைப் பிற்பகல்களில் மண்டபத்தின் பின்னறையில் கைப்பணி வகுப்பு நடத்துபவர். அவருடைய மற்றத் தொழிலை அத்தனை பேர் அறியமாட்டீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் மெழுகால் எழுதிச் சாயம் தோய்த்து, அதன்மேல் ஊசிவேலை செய்து, சுவரில் தொங்கவிடும் பெரிய துணிகளைச் செய்து விற்கிறார். ஒரு துணிக்கு எண்பது முதல் நூறு மணித்தியாலம் வரை செல்லும். மாதச் சம்பளம் இல்லை. யாராவது கேட்டால் வேலை, கேட்காவிட்டால் இல்லை. ஒருமுறை இல்லை என்று சொன்ன இடத்திலிருந்து மறுமுறை கேட்டு வருவதும் அபூர்வம்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஜனவரி மாதக் கடைசி வாரம். இங்கிலாந்தில் சுயதொழில் செய்வோரின் வருமான வரிப் படிவம் 31ஆம் திகதிக்குள் போய்விட வேண்டும். அக்காவின் பற்றுச்சீட்டுகள் முழுவதும் ஒரு பேணிக்குள் இருந்தன. அவற்றை மேசையில் கொட்டி வகைபிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு கடிதம் அகப்பட்டது. மருத்துவமனை ஒன்றின் நோயாளர் காத்திருக்கும் கூடத்துக்கு மூன்று பெரிய துணிகள் செய்து தர முடியுமா என்று கேட்டு வந்த கடிதம். அதன் பின்புறத்தில் அக்கா தன் மறுமொழியைப் பென்சிலால் எழுதிப் பார்த்திருந்தார். கேட்டதற்கு நன்றி, இந்த இலையுதிர் காலத்தில் எனக்கு நேரமில்லை, மன்னிக்கவும் என்பதே அதன் சாரம்.

ஏன் நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். நவராத்திரிக்கு எமது மண்டபத்தில் பிள்ளைகளின் கைப்பணிக் கண்காட்சி வைத்தோம். நீங்களும் வந்து பார்த்தீர்கள், படம் எடுத்தீர்கள், பாராட்டினீர்கள். அதைச் செய்து தருமாறு அக்காவைக் கேட்ட நிர்வாக சபைக் கடிதத்தில் பொருளாளர் என்று கையொப்பமிட்டவன் நான்.

அன்றிரவு வரிக் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறொரு கணக்குப் போட்டேன். வகுப்பு கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் என்றுதான் எங்கள் எல்லோருடைய எண்ணமும். பத்திக் வேலை தெரிந்தவர்களுக்கு உண்மை விளங்கும். கடையில் வாங்கும் துணியில் கஞ்சிப் பசை இருக்கும். அதைச் சலவைச் சோடா போட்டு அவித்துப் போக்காவிட்டால் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது. தேன்மெழுகையும் பரபின் மெழுகையும் அளவாகக் கலக்க வேண்டும். பரபின் கூடினால் மெழுகு வெடித்துச் சாயம் உள்ளே போய்விடும், தேன்மெழுகு கூடினால் செலவு கூடும். மெழுகை நேரடி நெருப்பில் வைக்கக் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது கண் இமைக்கவும் முடியாது. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்துக்குப் போக வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தோய்ப்பு, ஒரு காய்ச்சல். கடைசியில் மெழுகை எடுக்க வேண்டும். இவற்றில் பிள்ளைகள் செய்வது மெழுகால் எழுதுவதும் சாயத்தில் தோய்ப்பதும் மாத்திரமே. மிகுதி முழுவதும் வெள்ளிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமையும் அக்காவின் குசினியில் நடக்கிறது. கிழமைக்கு ஒன்பது மணித்தியாலம், வருடத்துக்கு நாற்பது கிழமை. ஆக 360 மணித்தியாலம். வகுப்புத் தொடங்குவதற்கு முந்திய வருடங்களில் அக்கா ஐந்தாறு துணிகள் முடித்திருந்தார். அந்த வருடம் முடித்தது இரண்டு.

பிறகு எமது சங்கத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். பரதநாட்டிய ஆசிரியைக்குக் கொடுப்பனவு உண்டு. மிருதங்க ஆசிரியருக்கு உண்டு. கைப்பணிக்குத் துணி, மெழுகு, சாயம் என்று பொருட்செலவு மட்டும் உண்டு. ஆசிரியருக்கான இடத்தில் பூச்சியம். அந்தப் பூச்சியத்தைப் போட்டவனும் நான்தான். யாரும் என்னிடம் சொல்லவில்லை, யாரும் கூட்டத்தில் தீர்மானிக்கவில்லை. அக்காதானே என்று நினைத்தேன். இன்னும் உள்ளே தேடிப் பார்த்தால் அதைவிட அழகற்ற ஒரு காரணமும் இருந்தது. நடனமும் மிருதங்கமும் வித்தை. ஊசியும் நூலும் வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு. இப்படி ஒரு எண்ணம் என் படித்த மண்டைக்குள் கேள்வியின்றிக் குடியிருந்தது.

மறுநாள் அக்காவிடம் கடிதத்தை நீட்டினேன். அவர் வெட்கப்படுவார் அல்லது கவலைப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டார்.

"என்ர பேணியை ஆர் உன்னைக் கிண்டச் சொன்னது? வரிக்குத்தானே தந்தனான்."

"அக்கா, மூன்று துணி. இவ்வளவு பெரிய வேலை உங்களுக்கு இதுக்கு முன்னம் வந்ததே இல்லை."

"தெரியும். பிள்ளையளுக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டு இடையில விடேலாது. எனக்கு ஆர் காசு வாங்கிக்கொண்டு படிப்பிச்சது?"

இந்தக் கடைசி வசனத்துக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டதை அனுபவித்தவர்களுக்கு விபரம் தேவையில்லை. எங்கள் குடும்பம் சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கியது. எனக்குப் பதினாறு வயது, அக்காவுக்கு இருபது. அடுத்த அறையில் இருந்த ஒரு தையல் ரீச்சர், கொண்டுவந்த பையில் உடுப்பை விட நூற்கட்டைகளைத்தான் கூடுதலாக வைத்திருந்தவர், பெடியள் பெட்டையள் என்று பாராமல் விரும்பிய எல்லோருக்கும் தையற்பூ வேலை பழக்கினார். ஒரு சதமும் வாங்கவில்லை. அக்காவின் கை அங்கேதான் தொடங்கியது.

ஆக, அக்காவின் வாதம் பலமானது. இலவசமாகப் பெற்றதை இலவசமாகக் கொடுக்க வேண்டும். தந்தவரைத் தேடிக் கடனை அடைக்க முடியாதபோது அடுத்து வருபவருக்கு அடைப்பதே முறை. எங்கள் சமூகம் இந்நாட்டில் நிமிர்ந்து நிற்பதும் இந்த முறையினால்தான். எனக்கும் அந்த அனுபவம் உண்டு. நான் 2008இல் இங்கு வந்தபோது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து வணிகமாணிப் பட்டம் என் பையில் இருந்தது. அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை. அந்நாட்களில் ஆலயத்தின் உண்டியற் கணக்கை எழுதித் தரச்சொல்லி ஒரு பெரியவர் கேட்டார். பேனையைப் பிடித்து ஐந்தொகை எழுதியபோதுதான் நான் இன்னும் கணக்காளன் என்ற நம்பிக்கை திரும்பியது. சம்பளமில்லாத அந்த வேலை என்னைக் காப்பாற்றியது. ஆகவே தொண்டைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனாலும் மனம் ஆறவில்லை. மற்றவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று தேடிப் பார்த்தேன்.

தென் இலண்டனில் வாழும் எம்மவர்களுக்குக் கொலியர்ஸ் வூட் பழக்கமான இடம். அதன் அருகே வாண்டில் ஆற்றங்கரையில், மேர்ட்டன் அபேயில், வில்லியம் மொறிஸ் 1881இல் தன் துணி ஆலையை அமைத்தார். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் படுக்கையறையில் ஒரு தறியை வைத்துத் திரைச்சீலை நெசவைத் தானாகவே பழகினார். முதலாவது துணிக்கு 516 மணித்தியாலம் சென்றதாகக் குறித்து வைத்திருக்கிறார். பின்பு மற்றவர்களுக்குப் பழக்கினார், கலை எல்லோருக்கும் உரியது என்று ஊர் ஊராகப் பேசினார். போற்றத்தக்க மனிதர். ஆனால் கணக்காளன் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. அவருடைய தந்தையார் செப்புச் சுரங்கப் பங்குகளில் பெரும்பணம் சேர்த்தவர். 516 மணித்தியாலத்தை வருமானம் பாராமல் செலவிட அவருக்கு அடியில் ஒரு முதல் இருந்தது. முதல் இல்லாதவரிடம் அதே தாராளத்தை எதிர்பார்ப்பது நியாயமா?

முதல் இல்லாத பெண்களின் கதை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உண்டு. அங்கே வில்கொக்ஸ் பகுதியில் கறுப்பினப் பெண்கள் பழைய உடுப்புகளைத் துண்டு போட்டு இணைத்துப் போர்வை தைத்து வந்தார்கள். வாக்குரிமை கேட்டதற்காகப் பல குடும்பங்கள் இருப்பிடத்தையும் பிழைப்பையும் இழந்த காலம். 1966இல் அவர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு அமைத்தார்கள். நியூயோர்க்கில் போர்வைகள் ஏலத்தில் விற்றன, தைப்பதற்கென்று ஒரு கட்டடம் எழுந்தது, பிள்ளை பராமரிப்பு நிலையமும் வந்தது. 1972இல் சியேர்ஸ் நிறுவனத்துக்குக் கோடுறோய்த் துணியில் தலையணை உறை தைக்கும் பெரிய ஒப்பந்தம் கிடைத்தது. கூட்டு வேலைக்கு ஒரு விலையும் இருந்தது. கடைகளுக்குப் போகும் சாமான் எல்லாம் ஒரே அளவு, ஒரே அமைப்பாக இருக்க வேண்டும். மனம்போன போக்கில் தைக்கும் கைக்கு அங்கே இடமில்லை. ஆனால் அந்த உறைகளை வெட்டியபின் எஞ்சிய கோடுறோய்த் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் விருப்பப்படி போர்வை தைத்தார்கள். 2002இல் அப்பகுதியின் ஜீஸ் பென்ட் பெண்கள் வீட்டுக்கென்று தைத்தவைதான் முதலில் ஹூஸ்ரனிலும் பின்பு நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகத்திலும் தொங்கின. 2006இல் தபால் முத்திரைகளிலும் வந்தன. கூட்டு வேலை சோறு போட்டது. வீட்டில் தனக்கென்று ஒதுக்கிய நேரம் கலையைத் தந்தது. இரண்டில் ஒன்றை விட்டிருந்தால் மற்றதும் குறைந்திருக்கும்.

இலங்கையிலேயே மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவை அறிந்திருப்பீர்கள். பென்ரோட்டையில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த விடுதியின் பத்திக் கூரைச் சீலை அவருடைய கைவண்ணம். பின்னாளில் மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் கிராமப் பெண்களைக் கொண்டு பத்திக்கும் ஊசிவேலையும் செய்யும் நிலையம் ஒன்றை வளர்த்தார். அங்கே பழகியவர்களின் கைகளே அவருடைய கலையையும் செய்தன. பழகியவர்களுக்கு அது பிழைப்பாகவும் இருந்தது. 2015இல் அவர் காலமானார். இவ்வழி அழகானது. ஆனால் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் வரும் பத்து வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது நடக்காது.

இவற்றையெல்லாம் யோசித்தபின் எனக்குப் பிடிபட்டது ஒன்று. கொடை என்பது கொடுப்பவர் மறுக்கவும் கூடிய இடத்தில்தான் கொடையாகிறது. மறுக்க முடியாத இடத்தில் வாங்கப்படுவதற்கு வரி என்று பெயர். வரியிலும் ஒரு நேர்மை உண்டு. எவ்வளவு, யாரிடம், எதற்கு என்று எழுதி வைத்திருப்பார்கள். நாங்கள் அக்காவிடம் வாங்கியது எழுதப்படாத வரி. அவர் ஒருநாளும் மறுக்கவில்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம். ஆலய மண்டபத்தில், பெரியவர்கள் முன்னிலையில், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரால் மறுக்க முடியும்? அவர் மறுக்காததை அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டது எங்களுக்கு வசதியாக இருந்தது.

இன்னொன்று. யந்திரங்களுக்குத் தேய்மானம் போடுகிறோம். மண்டபத்துத் தேநீர்க் கொதிகலனுக்குக்கூட வருடாவருடம் நான் தேய்மானம் கழிக்கிறேன். மனிதருடைய திறனுக்குப் போடுவதில்லை. தன் வேலையைச் செய்யாத கலைஞரின் கை தேயும். தேய்ந்த கையால் பிள்ளைகளுக்கு எதைப் பழக்குவது? அக்கா தன் துணிகளைச் செய்வதை நிறுத்தினால் இன்னும் சில வருடங்களில் எங்கள் வகுப்பும் ஒரே பூவை ஒரே நிறத்தில் போட்டுக்கொண்டிருக்கும். ஆகவே அவர் தன் கலைக்கு ஒதுக்கும் நேரத்தை எங்களிடமிருந்து பறித்த நேரமாகக் கருதுவது கணக்குப் பிழை.

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் இலகுவில் ஒத்துக்கொள்ளவில்லை. "உன்ர கணக்கில ஒரு பக்கந்தான் இருக்கு, தம்பி" என்றார். வகுப்பால் தனக்குக் கிடைப்பதை நான் எழுதவில்லையாம். ஒரு பிள்ளை தவறுதலாகச் சாயத் தட்டை மாற்றித் தோய்த்தபோது வந்த ஒரு பச்சை நிறம், பின்னர் அவருடைய சொந்தத் துணி ஒன்றில் வயல்வெளியாக வந்ததாம். ஒரு தாயார் வகுப்பு முடியும்வரை பின்வாங்கில் இருந்து, ஆறு மாதத்துக்குப் பிறகு தானும் ஒரு ஊசி கேட்டாராம். தனியே வீட்டில் தைத்துக்கொண்டிருந்தால் இவை கிடைத்திருக்குமா என்று கேட்டார். இரட்டைப் பதிவு முறை படித்தவனுக்கு இது சரியான அடி. நான் பற்றை மட்டும் எழுதி வரவை விட்டிருந்தேன்.

சில நாட்கள் இருவரும் இதைப் பேசவில்லை. பிறகு ஒரு மாலை, சட்டியைத் தேய்த்தபடி அக்கா தானாகவே சொன்னார். "அந்த ரீச்சர் காலமையில கதவைச் சாத்திப்போடுவா. உனக்கு ஞாபகமிருக்கே?" எனக்கு ஞாபகமில்லை. இடம்பெயர்ந்திருந்த நாட்களிலும் அந்த அம்மா காலை முழுவதும் ஊர்க்காரருக்குச் சட்டை தைத்துக் கொடுத்து அரிசிக்குக் காசு தேடினாராம். மூன்று மணிக்குப் பிறகுதான் கதவு திறக்குமாம். அதற்கு முன் யார் போய்த் தட்டினாலும் "பின்னேரம் வா, பிள்ளை" என்ற ஒரே மறுமொழிதான். "நான் திறந்த கதவை மட்டுந்தான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தனான்" என்றார் அக்கா.

கடனை அடைப்பதென்றால் பெற்ற அளவுக்கு அடைப்பதுதானே. ரீச்சர் தந்தது பின்னேரங்களை. காலைகளை அவர் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதன்பின் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிர்வாக சபையில் என் பூச்சியத்தை நானே திருத்தினேன். மற்ற ஆசிரியர்களுக்கு உள்ள அதே மணித்தியாலக் கொடுப்பனவு கைப்பணிக்கும். ஆயத்தம் செய்யும் நேரத்தில் ஒரு பகுதியும் அதில் சேரும். வகுப்பு வருடத்தில் இரண்டு தவணை, தவணைக்குப் பத்துக் கிழமை. மிகுதி மாதங்கள் அக்காவின் சொந்த வேலைக்கு. துணி அவிப்பதும் மெழுகு எடுப்பதும் பெற்றோர் முறைவைத்துச் செய்வது. கொடுப்பனவை முழுவதும் வாங்குவதா, ஒரு பகுதியைத் திருப்பி நன்கொடையாகத் தருவதா என்பது அக்காவின் விருப்பம். முதல் தவணையில் பாதியைத் திருப்பித் தந்தார். மற்றத் தவணையில் முழுவதையும் வைத்துக்கொண்டார். இரண்டுக்கும் பற்றுச்சீட்டு எழுதினேன், ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எதிர்ப்பு இருந்தது. கோயிலில் செய்யும் வேலைக்குக் காசா என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டது தவறில்லை. பணம் புகுந்த இடத்தில் அன்பு வெளியேறிவிடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. அவரிடம் நான் சொன்னது இதுதான்: ஐயா, ஐயருக்கும் தவில்காரருக்கும் நாங்கள் கொடுக்கிறோம், அதனால் பூசையின் பெருமை குறையவில்லை. கொடுப்பனவு அவருடைய வேலையின் விலை என்று யாரும் நினைக்கவில்லை; அடுத்த கிழமையும் அவர் இதைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதற்கான வழி. அவர் முற்றாக ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் துணி அவிக்கும் முறைப்பட்டியலில் தன் மருமகனின் பெயரைத் தானே எழுதிவைத்தார்.

தீராத மிச்சமும் ஒன்று உண்டு. வகுப்பு நாற்பது கிழமையிலிருந்து இருபதாகக் குறைந்ததில் சில பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவருடைய கை, அக்காவின் வார்த்தையில், "பிறவிக் கை". அந்தப் பிள்ளையின் இழப்பை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மருத்துவமனைத் துணிகளும் திரும்பி வரவில்லை. வேறு யாரோ செய்து கொடுத்துவிட்டார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருவர் எதையோ இழக்கிறார் என்பதை ஒளிக்காமல் சொல்வதே நேர்மை. யார் எவ்வளவு இழக்கிறார் என்பதை அவரைக் கேட்காமல் நாங்கள் தீர்மானித்துவிடக் கூடாது என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

எங்கள் சங்கத்தில் இன்னும் எத்தனையோ அக்காமார், அண்ணாமார் இருக்கிறார்கள். மடைப்பள்ளியில் நிற்பவர், தமிழ் வகுப்பு எடுப்பவர், கோலம் போடுபவர், இம்மடலைத் தட்டெழுதித் தருபவர். அடுத்த முறை அவர்களிடம் ஒன்றைக் கேட்கும்போது, "உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர்கள் ஏலாது என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

அக்கா இப்போது ஒரு புதிய துணி தொடங்கியிருக்கிறார். காலை வேளைகளில் தொலைபேசியை எடுக்கமாட்டார். பின்னேரம் எடுங்கள்.